கண்ணாடிக்குள் போன கணக்கு

என் கணவர் சேகரை அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்த கோலத்தில்தான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. முழங்கால் இரண்டும் நெஞ்சை இடிக்க, மடியில் பழைய துண்டை விரித்துக்கொண்டு, ஒரு மரத் துண்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே எங்கள் மகள் யாழினி மேசைமேல் கவிழ்ந்து, விழுகிற மரத்தூளை ஊதி ஊதி விளையாடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் பீடோங்கில் ஒரு சனிக்கிழமை காலை. முந்தின இரவு பெய்த மழையில் பள்ளித் திடல் ஊறிக் கிடந்தது. கேண்டீனில் யாரோ கறிபாப் பொரித்தார்கள். வகுப்புக்குள் அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளுமாக ஒரே இரைச்சல். என் கணவர் பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. யாழினியைச் சேர்த்த அன்றுகூட அவர் கேட்டுக்கு வெளியே நிறுத்திய காடியிலேயே இருந்துகொண்டார்.

போன வாரம் இந்தப் பகுதியில் வந்த என் தையல் கடை பிறந்த கதையைப் படித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, கோபமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கோபம்தான் அம்மா. எதற்கு என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றுவலிக்காரி

யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. வாயாடி. கதை சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுக்க வந்ததை மறந்து நிற்பார்கள். ஆனால் கணக்கு என்றால் மட்டும் வயிறு வலிக்கும். திங்கட்கிழமை முதல் பாடம் கணக்கு என்பதால், ஞாயிறு சாயங்காலமே வலி ஆரம்பித்துவிடும்.

பின்னம் வந்ததும் வலி கூடிப்போனது. நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால் எட்டில் ஒன்று என்பாள். நாலைவிட எட்டு பெரிதுதானே என்பது அவள் வாதம். நான் தினமும் துணி வெட்டுகிறவள்தான். சொல்லிப் பார்த்தேன், படம் போட்டுப் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். தலையை நன்றாக ஆட்டுவாள். மறுநாள் பழையபடி எட்டில் ஒன்றுதான் பெரிது.

அந்த வருஷம் விமலா டீச்சர் கணக்குக்கு வந்தார். சுங்கைப் பட்டாணியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிற சின்னப் பெண். நிரந்தர வேலைகூட இல்லை, ஒப்பந்தம்தான். வந்த கொஞ்ச நாளிலேயே பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒவ்வொரு குடும்பமும் ஒரு சாமான் செய்யணும். புள்ள கையில புடிச்சு, எடுத்து வச்சு, கணக்கு படிக்கிற மாதிரி இருக்கணும். கடையில வாங்கக்கூடாது. சனிக்கிழம காலையில இங்க வந்து புள்ளையோட உக்காந்து செய்யணும்" என்றார்.

"அப்ப நீங்க என்னா செய்வீங்க டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிண்டலாகக் கேட்டது.

"நான் உங்களுக்கெல்லாம் கறிபாப் ஏற்பாடு பண்றேன்" என்றார் விமலா டீச்சர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நான் படித்தது செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளி. ஒருநாள் என் கணக்கு லட்சணத்தைச் சொல்வதற்காக வாத்தியார் என் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அம்மா பால்வெட்டு முடிந்து அப்படியே ஓடிவந்தார். உடம்பெல்லாம் ஒட்டுப்பால் வாடை. வாசலில் காலை வைக்கப் போனவரை, "உள்ள வராத, அந்த ஜன்னலுக்கு வெளிய நில்லு" என்றார் வாத்தியார்.

ஜன்னலுக்கு வெளியே நின்றபடி அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "அந்த வாத்தியாரு என்னாடி சொன்னாரு?" என்று என்னையே கேட்டார். நான் நன்றாகப் படிப்பதாகச் சொன்னார் என்றேன். அம்மா நம்பிக்கொண்டார். வாத்தியார் சொன்னது காதில் விழாத தூரத்தில் அல்லவா அவரை நிறுத்தியிருந்தார்கள்.

அதன் பிறகும் பள்ளிக்கூடங்கள் எங்களைக் கூப்பிட்டது புல் வெட்டவும், விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டவும், சோறாக்கவும்தான். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. அதனால் விமலா டீச்சர் அந்தச் சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டபோது எனக்கு ஏதோ மேடையில் ஏற்றியது போல இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு நல்ல சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

மரத்தூள்

சேகர் சுங்கைப் பட்டாணியில் ஒரு நாற்காலி மேசை செய்யும் கம்பெனியில் மெஷினில் நிற்கிறார். எல்லாம் கித்தா என்கிற ரப்பர் மரம்தான். அவர் கடைந்து விடுகிற நாற்காலிக் கால்கள் கப்பலேறி எங்கோ போய்விடும். அதில் யார் உட்கார்கிறார்கள் என்று ஒருநாளும் அவருக்குத் தெரிந்ததில்லை.

"எனக்கு என்னா தெரியும்? நீயே போ" என்றுதான் முதலில் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிய கழிவு மரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நான்கு வட்டங்கள். ஒன்றை முழுசாக விட்டிருந்தார். மற்றவற்றை இரண்டாக, நான்காக, எட்டாக வெட்டியிருந்தார். ஒரு பலகையில் நான்கு குழிகள் தோண்டி, வட்டங்கள் அதற்குள் உட்காரும்படி செய்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் தேய்த்துக்கொண்டிருந்தது இந்தத் துண்டுகளைத்தான். பிள்ளை விரலில் சிலாம்பு ஏறக்கூடாது, எடுத்தால் லேசாக வரவேண்டும், வைத்தால் லேசாக உட்காரவேண்டும். இதற்காக ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்தார்.

யாழினி எட்டில் ஒரு துண்டை எடுத்து நான்கில் ஒரு துண்டின்மேல் வைத்தாள். திருப்பி வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"அப்பா, எட்டு பெருசுதானே? துண்டு ஏன் சின்னதா இருக்கு?"

சேகர் நிமிரவில்லை. "எட்டுப் பேருக்கு வெட்டுனா ஆளுக்குக் கொஞ்சந்தானம்மா வரும்" என்றார்.

"அப்ப நூறு பேருக்கு வெட்டுனா?"

"தூளுதான் வரும்."

யாழினி மேசையில் கிடந்த மரத்தூளைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். "அம்மா, இதான் நூறா?" என்று கத்தினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. உடனே எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போய், நிறையப் பேருக்கு வெட்டினால் துண்டு சின்னதாகிவிடும் என்று அறிவிப்புச் செய்ய ஆரம்பித்துவிட்டாள். சேகர் மட்டும் ஒன்றும் நடக்காதவர் போலத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆனால் காது சிவந்திருந்தது.

மற்றவர்களும் சும்மா இல்லை. சரசக்கா வீட்டில் ரப்பர் கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் போட்டுப் பைகள் தைத்துக் கொண்டுவந்தார்கள். மரியா வீட்டில் பிஸ்கட் டின் மூடியில் கடிகாரம் செய்திருந்தார்கள். வகுப்பில் ஒரு மூலை முழுக்க இந்தச் சாமான்கள்தான். பிள்ளைகள் எடுப்பார்கள், போடுவார்கள், சண்டை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி தானாக நின்றுபோயிற்று. வேலைவிட்டு வந்து டீயைக் கையில் எடுக்கும் அப்பாவை மடக்கி, யாழினி பின்னக் கேள்வி கேட்பாள். அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி ஏச்சு வாங்குவார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு காலமும் இருந்தது.

பொட்டு வைத்த கணக்கு

பிறகு சரஸ்வதி பூசை வந்தது.

நம் பள்ளிகளில் வழக்கம் தெரியும்தானே. புத்தகம், பென்சில், அளவுகோல் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அன்றைக்குப் படிப்பில்லை, எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் படிக்கவேண்டும். அந்த வருஷம் எங்கள் கணக்குச் சாமான்களையும் அடுக்கினார்கள். சேகர் செய்த பலகை நடுவில் இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் பிள்ளைகள் வரிசையில் நின்று அவரவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். கணக்குச் சாமான்கள் மட்டும் அங்கேயே இருந்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தனபாலன் அவற்றை எடுக்கவிடவில்லை.

தனபாலன் கெட்டவர் இல்லை. சுங்கைப் பட்டாணியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கு மின்விசிறி மாட்டினது, கேட்டுக்குச் சாயம் அடித்தது எல்லாம் அவர்தான். "சாமிகிட்ட வச்சு எடுத்த சாமான் லா இது. இதப் போயி மறுபடியும் தரையில போட்டு மிதிக்க விடறதா? நம்ம ஆளுங்க கையால செஞ்சது. வர்றவங்க போறவங்க பாக்கணும்" என்றார்.

அடுத்த வாரமே ஒரு கண்ணாடி அலமாரி வந்து இறங்கியது. உள்ளே விளக்கு. மேலே அவருடைய காலஞ்சென்ற தாயார் பெயர் தங்க எழுத்தில். ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் செய்தவர் பெயர். சந்தனப் பொட்டுக்கூட அழியாமல் அப்படியே உள்ளே போயிற்று. பூட்டினார்கள். சாவி தலைவரிடம்.

விமலா டீச்சரை என் கடையில் பார்த்தபோது கேட்டேன். "சாவி கேட்டேன்க்கா. வேணும்னா போன் பண்ணுங்க, கொண்டாறேன்னாரு. கணக்குப் பாடம் காலையில முதல் பாடம். அவரு கடையத் தொறக்குறதே பத்து மணிக்கு. நான் காண்ட்ராக்டு. இதுக்குமேல நான் என்னா பேசுறது?" என்று தலையைக் குனிந்துகொண்டார். சாமான் வேலை முடிந்துவிட்டது என்று சனிக்கிழமைகளும் நின்றுபோயின.

கை தூக்கினார்கள்

சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். அலமாரியைத் திறந்து சாமான்களை வகுப்புக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். தலைவர் ஏதும் சொல்வதற்கு முன்னால் சரசக்கா முந்திக்கொண்டார்.

"வேணாம் மீனா. போன மாசமே ரெண்டு பை கிழிஞ்சு கொட்டையெல்லாம் போயிருச்சு. என் மாமியாரு ஒக்காந்து தச்சது."

"கிழிஞ்சா நான் தச்சுத் தரேன்க்கா. கிழியத்தானே செஞ்சோம்?"

"நீ தச்சா அது மாமியாரு தச்சதாகுமா?"

பலர் தலையாட்டினார்கள். பிள்ளைகளுக்காகச் செய்ததைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்ற அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். உள்ளேயே இருக்கட்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேகரும் கை தூக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். வாசலில் காடியை நிறுத்திய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இத்தன காலமா வேல செய்றேன். நான் செஞ்ச சாமான்ல என் பேரு போட்டது இது ஒன்னுதான். கண்ணாடிக்குள்ள லைட்டுப் போட்டு வச்சிருக்காங்க. அதையும் எடுத்துத் தரையில போடணும், இல்ல?"

அவர் சொன்னது பொய்யில்லை. கம்பெனி நண்பர்களுக்கெல்லாம் அந்த அலமாரியின் படத்தை அனுப்பியிருந்தார், வாட்ஸ்அப்பில் வைத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்குகிறவளாக நான் நின்றேன். ஆனால் மகளின் கையிலிருந்து பிடுங்கியதை வைத்துத்தானே அந்தச் சந்தோஷம் என்று எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. இன்றுவரை அடங்கவில்லை.

"அப்ப புள்ளைக்கு வீட்டுல ஒன்னு செஞ்சு குடுங்க" என்றேன். "செய்றேன்" என்றார். ஓவர்டைம் வந்தது, தீபாவளி வந்தது, சூப்பர்வைசர் மாறினார். நான் அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். மழைக்காலத்தில் அட்டை சுருண்டுகொண்டது. யாழினி அதை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மேசை லாச்சியில் போட்டுவிட்டாள். விமலா டீச்சரும் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். புது ஆசிரியர் பயிற்சித் தாள்களாகக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி திரும்பி வந்தது.

விருந்தாளிகள்

மறு வருஷம் கல்வி இலாகாவிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்று பள்ளியே அமளிப்பட்டது. பெற்றோர்கள் வேட்டி சேலையில் வரவேண்டும் என்று உத்தரவு. அலமாரியை மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்தார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் அந்த வீட்டுப் பிள்ளை நிற்கவேண்டும். விருந்தாளிகளைப் பார்த்து, அலமாரிக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இதற்கு ஒரு வாரம் ஒத்திகை நடந்ததாம்.

அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. சிரித்த முகம். யாழினிக்கு முன்னால் வந்து நின்று, ஒரு துண்டை எடுத்துக் காட்டச் சொன்னார்.

யாழினி அசையவில்லை. "தாக் போலே பெகாங், சிக்கு" என்றாள். தொடக்கூடாது டீச்சர் என்று அர்த்தம்.

கூட்டம் சிரித்தது. சிலர் கை தட்டினார்கள். "எவ்வளவு ஒழுக்கம் பாருங்க" என்று தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"பரவாயில்லை, வாயால் சொல்லு. நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா?" என்று அந்த அம்மா மலாயில் கேட்டார்.

யாழினி நேராகப் பார்த்தபடி, "எட்டில் ஒன்று" என்றாள்.

நான் சேகரைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வேட்டியில், தன் பெயர் எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். படம் எடுப்பதற்காக அவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

அந்த அம்மா ஏசவில்லை. "வா, நாம் வைத்துப் பார்க்கலாம்" என்று தானே ஒரு துண்டை எடுக்கப் போனார். துண்டு வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினார். அப்போதும் வரவில்லை.

"தொலஞ்சு போயிரக்கூடாதுன்னு ஒட்டி வச்சிட்டோம் மேடம். நம்ம கடை பசைதான். ஜென்மத்துக்கும் வராது" என்றார் தலைவர், தமிழிலும் மலாயிலுமாகப் பெருமையாக.

அதிகாரி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு யாழினியின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த சாமானுக்கு நகர்ந்தார். சேகர் குனிந்து துண்டுகளுக்கு நடுவே விரலை ஓட்டினார். அவர் தேய்த்துத் தேய்த்து இடைவெளி விட்ட இடமெல்லாம் பசை வழிந்து காய்ந்திருந்தது. அந்தப் பசையை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். படம் எடுப்பவர் "அண்ணே, இங்க பாருங்க, சிரிங்க" என்றார். சேகர் பார்த்தார். சிரிக்கவில்லை.

எனக்குச் சேகரை நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

விருந்து முடிந்து காடியில் ஏறினோம். சேகர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே பேசினார்.

"யாழி, அப்பா உனக்கு வேற ஒன்னு செஞ்சு தரேன். நாளைக்கே கம்பெனியில மரம் கேக்குறேன்."

பின்னால் யாழினி தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்பா" என்றாள். "நல்லா செஞ்சிருவீங்க. அப்புறம் அதையும் உள்ள வச்சிருவாங்க. எனக்குக் கணக்கு வராதுப்பா, பரவால்ல."

அப்பாவைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் சொன்னாள்.